ஒரே பேரில் இரண்டு கார்டு: பெக்டரி சர்வரோடு நான்கு நாள்

தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் போன் வந்தது ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு. "தம்பி, செக்ரோல் எடுக்க முடியல்ல. சர்வர் ஓடுது, லைட்டெல்லாம் எரியுது. ஒபிஸ்ல இருந்து தொட்டாத்தான் வரமாட்டேங்குது. 10ஆந் திகதி சம்பளம் போடணும்." காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை அடுக்கினேன். லேப்டொப், இரண்டு மீற்றர் புதுக் கேபிள் ஒன்று, கிரிம்ப் குறடு, கேபிள் டெஸ்டர், மல்டிமீட்டர், ஸ்குரூ டிரைவர், ஒரு கொப்பி. எங்கே என்ன பார்த்தேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று எழுதிக்கொண்டே வேலை செய்வது என் பழக்கம். இந்தப் பதிவும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இடம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஹட்டனில் இருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போக வேண்டும். மலையில் கொழுந்து நிறுக்கும் மின்தராசுகளின் கணக்கு மாலையில் பெக்டரிக்கு வந்து இந்தச் சர்வரில் ஏறும். அங்கிருந்து ஒபிஸில் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் நிற்கிற பதிவு, எடுப்பார்கள். ஒரு ஆளுக்கு அன்றைக்குப் பேர் (முழு நாள் கணக்கு) விழுந்ததா, அரைப்பேரா, மேலதிகக் கிலோ எத்தனை, எல்லாம் இதற்குள் இருக்கிறது. என் அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். தண்ணீர்க் கழிவு, கூடைக் கழிவு என்று தராசடியில் வெட்டப்பட்ட கிலோக்களை இரவில் விரல்விட்டு எண்ணிக்கொண்டு இருப்பார். அதனால் இந்த மாதிரிக் கணக்கு நிற்கிற பெட்டி என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை.

பெட்டி சாதாரண ஒபிஸ் கொம்பியூட்டர்தான். பாவித்துக் கழித்து இறக்குமதியானது. அதில் ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளம், 12ஆம் வரிசை. இரண்டு டிஸ்க் கண்ணாடிப் பிரதியாக இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில், மேலே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கோப்புகளைப் பகிரும் சாம்பா. முன்பு இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அமைத்தது. இப்போது அவர் கத்தாரில். நல்ல வேலைக்காரர். ஒவ்வொரு வருடத்துக் கணக்கையும் தனியாகப் பிரித்து வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்தாலே தெரியும்.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தேத்தண்ணி தந்துவிட்டு விசயத்தைச் சொன்னார். குறை இரண்டு. ஒன்று, கரண்ட் போய் வந்தால் சில நாள் நெட்வேர்க் எழும்பாது, இரண்டு மூன்று தரம் நிறுத்திப் போட்டால் எழும்பும். இரண்டாவது, எழும்பினாலும் இழுவை. மாதக் கணக்கு ஒன்றை ஒபிஸில் திறக்கக் கால் மணித்தியாலம் போகுமாம். "முந்தி ஒருத்தர் வந்து பார்த்தாரு. பிங் நல்லாப் போகுது, சர்வர்தான் பழசு, புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

இரண்டு குறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்று கொப்பியில் இரண்டு பக்கம் பிரித்தேன். நான் போன நேரத்தில் நெட்வேர்க் எழும்பித்தான் இருந்தது. விடியற்காலை வாட்சர் மூன்று தரம் நிறுத்திப் போட்டிருந்தார். ஆகவே இழுவையில் இருந்து தொடங்கினேன்.

பிங், அதாவது சின்னத் தரவுப் பொதி ஒன்றை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது, உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. நூறு அனுப்பினால் நூறும் திரும்பியது. பிறகு லேப்டொப்பை ஒபிஸ் சுவிட்சில் செருகி ஐபர்ஃப்3 ஓட்டினேன். இது இரண்டு முனைக்கும் நடுவில் வெறும் தரவை மட்டும் ஓடவிட்டு வேகம் சொல்கிற கருவி. டிஸ்க், சாம்பா, டேட்டாபேஸ் எதுவும் குறுக்கே வராது. முதலில் சர்வரை நோக்கி, பிறகு கட்டளையோடு ஆர் என்ற பெரிய எழுத்தைப் போட்டு எதிர்த்திசையில். ஒரு திசையில் 6 மெகாபிட், மறு திசையில் 31. அதுவும் ஒவ்வொரு வினாடியும் ஏறி இறங்கிக்கொண்டு. 100 மெகாபிட் இணைப்பு என்றால் 94 அளவில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

அடுத்தது பாதியாக வெட்டுவது. சர்வரின் பின்பக்கக் கேபிளைக் கழற்றிவிட்டு என் இரண்டு மீற்றர் கேபிளால் லேப்டொப்பை நேராகக் கோத்தேன். சுவிட்ச் இல்லை, நீளக் கேபிள் இல்லை. அதே இழுவை. அப்போ கேபிளில் பிழையில்லை, சர்வரின் நெட்வேர்க் கார்டில்தான் பிழை என்று கொப்பியில் எழுதினேன். அந்த வரியை மறுநாள் வெட்ட வேண்டி வந்தது.

இஃப்கொன்ஃபிக் என்ற கட்டளையைப் போட்டு ஈஎம்0 என்ற பெயரில் இருக்கும் இன்டெல் கார்டைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. நிலை ஆக்டிவ். மீடியா வரியில் ஈதர்நெட், 100பேஸ்டிஎக்ஸ், ஃபுல்-டூப்ளெக்ஸ். இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் அந்த வரியில் ஒரு சொல் குறைவது தெரிந்தது. ஓட்டோசெலெக்ட் என்ற சொல் இல்லை. சாதாரணமாக அந்தச் சொல் வந்து, பேசி முடித்த வேகம் அதற்குப் பிறகு அடைப்புக்குள் வரும். இங்கே வேகம் மட்டும் தனியாக நிற்கிறது. யாரோ கையால் பூட்டியிருக்கிறார்கள். பெட்டி எழும்பும்போது வாசிக்கிற அமைப்புக் கோப்பான ஆர்சி.கொன்ஃபைத் திறந்தால், ஈஎம்0-வுக்கு ஐபி முகவரி கொடுக்கிற வரியின் கடைசியில் மீடியா 100பேஸ்டிஎக்ஸ், மீடியாஆப்ட் ஃபுல்-டூப்ளெக்ஸ் என்று இருந்தது.

இது என்ன செய்யும் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் பல இடத்தில் "வேகம் வரவில்லையா, பூட்டிவிடு" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஈதர்நெட்டின் இரண்டு முனையும் கேபிள் செருகிய உடனே தங்களுக்குள் பேசிக்கொள்ளும்: என்னால் இவ்வளவு வேகம் முடியும், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், உனக்கு எப்படி என்று. ஒரு முனையைப் பூட்டினால் அது பேச்சை நிறுத்திவிடும். மறுமுனை கம்பியில் வரும் சமிக்ஞையைப் பார்த்து வேகம் 100 என்று தானாகக் கண்டுபிடிக்கும். ஆனால் ஃபுல் டூப்ளெக்ஸா (ஒரே நேரத்தில் இரண்டு திசையும்) ஹாஃப் டூப்ளெக்ஸா (ஒரு நேரத்தில் ஒரு திசை) என்பது சமிக்ஞையில் தெரியாது. தெரியாவிட்டால் ஹாஃப் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தரவிதி. ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப். தோட்டத்து ஒற்றை ரோட்டில் கொழுந்து லொறி ஒன்று, முடக்கில் எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிட வேண்டும் என்று நினைத்து ஓடுகிறது. எதிரே வருகிறவர் இது இருவழிப் பாதை என்று நினைத்து நிற்காமல் வருகிறார். ஒரு வண்டி மட்டும் போய் வருகிற நேரத்தில் ஒன்றும் நடக்காது, பிங் அப்படித்தான். ஒன்று போய், பதில் வந்து, பிறகு அடுத்தது. இரண்டு பக்கமும் நிறைய வண்டி விட்டால்தான் முடக்குக்கு முடக்கு மோதல்.

சாட்சி வேண்டுமே. சிஸ்கன்ட்ரோல் கட்டளையைப் போட்டு ஈஎம்0 கார்டின் எண்ணிக்கைகள் நிற்கும் மெக்_ஸ்டாட்ஸ் பகுதியைப் பார்த்தேன். சிஆர்சி_எர்ஸ் என்ற சிதைந்த பொதிகளின் எண் ஐபர்ஃப் ஓடும்போது ஏறுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. லேட்_கொல் என்ற பிந்திய மோதல் எண் பூச்சியம். டூப்ளெக்ஸ் பொருத்தமின்மைக்கு இதுதான் அடையாளம்: ஃபுல் என்று நினைக்கிற பக்கம் சிதைந்த பொதிகளைப் பார்க்கும், மோதலை ஹாஃப் பக்கம்தான் எண்ணும். என் லேப்டொப்பும் தானாகப் பேசுகிற முனைதான், அதனால் அதுவும் ஹாஃபுக்கு விழுந்திருக்கிறது. புதுக் கேபிளிலும் இழுத்ததற்குக் காரணம் இதுவே.

அந்த மீடியாச் சொற்களை எடுத்தேன். நேரடிக் கேபிளில் 1000, ஃபுல் டூப்ளெக்ஸ். ஐபர்ஃப் 941 மெகாபிட், இரண்டு திசையிலும். ஜிகாபிட் இணைப்பில் ஒவ்வொரு பொதியின் தலைப்புச் செலவெல்லாம் போகத் தரவுக்குக் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். சர்வர் பழசுதான், ஆனால் குற்றம் அதன்மேல் இல்லை.

பழையபடி ஒபிஸ் கேபிளைச் செருகினேன். பச்சை லைட் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஒரு நிமிடத்தில் நாலைந்து தரம். இணைப்பு விழுந்தது, எழுந்தது என்று திரை முழுக்க வரி. அப்போதுதான் கத்தாரில் இருப்பவர் ஏன் 100-இல் பூட்டினார் என்று விளங்கியது. ஜிகாபிட் ஆடியிருக்கிறது. 100-க்கு இறக்கிப் பூட்டினார், ஆட்டம் நின்றது, வேலை ஓடியது. அன்றைக்குத் தராசு இரண்டு, கணக்கு சின்னது, இழுவை யாருக்கும் தெரிந்திருக்காது. தராசு பெருகப் பெருகத் தெரிந்திருக்கிறது.

ஜிகாபிட்டுக்கு கேபிளில் இருக்கும் நான்கு சோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு சோடி போதும், 1-2, 3-6. நீலமோ பழுப்போ அறுந்திருந்தாலும் 100 ஓடும். டெஸ்டர் சொன்னது: நீலச் சோடியில் ஒரு கம்பி விட்டு விட்டு வருகிறது.

6ஆம் திகதி காலை அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தோம், நானும் பெக்டரித் தம்பி ஒருவரும். சர்வர் அறையில் இருந்து மேல்மாடிக்கு ஏறி, வாட்டும் தொட்டிகளுக்கு மேலே கூரைச் சட்டத்தோடு ஓடி, சுவரைத் துளைத்து வெளியே வந்து, வெளி முற்றத்துக்கு மேலால் ஒபிஸுக்குப் போகிறது. மொத்தம் 70 மீற்றர் இருக்கும். 100 மீற்றர்தான் எல்லை, நீளத்தில் பிழையில்லை. இரண்டாவது தொட்டியின் விசிறிக்கு நேர் மேலே கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று. கொழுந்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதில் ஒரு பகுதியை இறக்குகிற வேலைதான் அந்த மாடியில் இரவு பகலாக நடக்கிறது. அந்த ஈரக் காற்று முழுக்க இந்த முடிச்சின்மேல். டேப்பை உரித்தேன். உள்ளே எட்டுக் கம்பியும் கையால் முறுக்கியது. நீலக் கம்பி முறுக்கின் அடியில் சாம்பல் நிறத் தூளாக இருந்தது. செம்பு என்றால் பச்சை பூக்கும், இப்படிச் சாம்பலாகாது. கத்தி முனையால் பக்கத்துக் கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். இருமுறை வளைத்தேன், மூன்றாம் முறை கையோடு முறிந்தது.

கேபிள் வாங்குகிறவர்கள் கடையிலேயே இந்தச் சுரண்டலைச் செய்து பாருங்கள். பெட்டியைக் கையில் தூக்கினாலும் தெரியும், முழுச் செம்பு கனமாக இருக்கும்.

ஹட்டன் டவுனுக்கு ஆள் அனுப்பி நல்ல கேபிள் எடுத்து, தொட்டிப் பக்கம் போகாமல் கீழ்மாடிச் சுவரோடு, நடுவில் ஒட்டே இல்லாமல் இழுத்தோம். பின்னேரம் நாலு மணிக்கு ஒபிஸில் இருந்து 938. பெரிய கிளாக்கர் ஐயா செப்டெம்பர் கணக்கைத் திறந்தார். திறந்துவிட்டது. அவர் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார்.

இனி இரண்டாவது பக்கம்: எழும்பாத குறை.

அதை நேரில் பார்க்க வேண்டும். மொனிட்டர் ஒன்றைக் கோத்து, ஒழுங்காக ஷட்டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டேன். எழும்பியது. மறுபடி. எழும்பியது. மூன்றாம் தரம் நெட்வேர்க் இல்லை. இஃப்கொன்ஃபிக் போட்டால் ஈஎம்0 இருக்கிறது, அதற்கு ஐபி முகவரியும் இருக்கிறது, ஆனால் கேரியர், அதாவது கம்பியில் மறுமுனையின் சமிக்ஞை, இல்லை என்கிறது. கேபிளோ செருகித்தான் இருக்கிறது. கீழே ஈஎம்1 என்று இன்னொன்று! காலையில் இது இருக்கவில்லை. அதற்கு முகவரியே இல்லை.

பெட்டி தன் நிகழ்வுகளை எழுதி வைக்கிற வார்-லொக் அடைவில் மெசேஜஸ் கோப்பையும், அமுக்கி வைத்த அதன் பழைய பிரதிகளையும் விரித்து, ஈஎம்0-வின் ஈதர்நெட் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி எண்) வருகிற வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொரு தரம் பூட் ஆகும்போதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் இதை ஒரு வரி எழுதும். இரண்டு மாத வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஈஎம்0, முகவரி முடிவு 17. ஈஎம்0, முடிவு 17. ஈஎம்0, முடிவு 92. ஈஎம்0, முடிவு 17. பெயர் ஒன்று, ஆள் இரண்டு. செக்ரோலில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்து, ஒருவர் எடுத்த கொழுந்து மற்றவர் கணக்கில் விழுந்த மாதிரி.

பெட்டியின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் செருகியிருப்பது கீழே ஸ்லொட்டில் போட்ட கார்டில். மேலே, மதர்போர்டோடு வந்த நெட்வேர்க் போர்ட்டில் காகிதத் துண்டு திணித்திருந்தது. டீமேக்கர் ஐயாவைக் கேட்டேன். "அது போன வருசம் சித்திரை இடியில போச்சு தம்பி. அதுக்குப் பிறகுதான் கீழ உள்ளதைப் போட்டாங்க."

செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்த போர்ட் முழுதாகச் சாகவில்லை. இரண்டும் இன்டெல், இரண்டுக்கும் ஈஎம் என்ற ஒரே டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். ஃபிரீபிஎஸ்டியில் கார்டின் பெயர் டிரைவரின் பெயரும் வரிசை எண்ணும்தான்; முதலில் கிடைத்தது 0. பிசிஐகொன்ஃப் கட்டளை சொல்கிறபடி போர்டில் உள்ளது 0:0:25:0 என்ற இடத்தில் இருக்கிறது, பூச்சியம் பஸ். கர்னல் அதைத்தான் முதலில் தொடும். பெரும்பாலான நாள் அது பதில் சொல்லாது, அட்டாச் ஆகவில்லை, பிழை எண் 6 என்று ஒரு வரி விழும், பூச்சியம் என்ற எண் காலியாகும், கீழே உள்ள கார்டு ஈஎம்0 ஆகும், எல்லாம் ஓடும். சில நாள் அந்த அரைகுறைச் சில்லு விழித்துக்கொள்ளும். அன்றைக்கு அது ஈஎம்0, நல்ல கார்டு ஈஎம்1. ஆர்சி.கொன்ஃப் பெயரைப் பார்த்து ஐபி முகவரியைக் கொடுக்கிறது, அது செத்த போர்ட்டுக்குப் போகிறது. நிறுத்தி நிறுத்திப் போட்டால் வருவதற்கும் இதுதான் காரணம். எப்போது விழிக்கும், எப்போது தூங்கும் என்பதற்கு ஒரு ஒழுங்கை என்னால் பிடிக்க முடியவில்லை.

லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கும் இதன் சொந்தக்காரக் குறை ஒன்று உண்டு. முன்பு இத்0, இத்1 என்று கண்டுபிடித்த வரிசையில் பெயர் வந்தது. 2013-இல், லினக்ஸை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்போடு, கார்டு இருக்கும் பஸ், ஸ்லொட்டை வைத்துப் பெயர் கொடுக்கும் முறை வந்தது. இஎன்பி3எஸ்0 மாதிரி. அதனால் வரிசைக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் புதிதாக ஒரு பிசிஐ கார்டை, டிஸ்க் கார்டாக இருந்தாலும் சரி, செருகினால் பஸ் எண்கள் தள்ளிப்போய் 3 என்பது 4 ஆகலாம். நெட்வேர்க் அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். அதோடு நெட்வேர்க் வரும் வரை காத்திருக்கும் வெயிட்-ஒன்லைன் சேவை இரண்டு நிமிடம் நின்று, பெட்டி எழும்புவதையும் பிந்தவைக்கும். எடிசி, சிஸ்டம்டி, நெட்வேர்க் அடைவில் லிங்க் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்றை வைத்து, மெக் முகவரியை (அதே ஈதர்நெட் முகவரிதான்) பொருத்தி, நாமே ஒரு பெயர் கொடுத்துவிட்டால் ஸ்லொட் மாறினாலும் பெயர் மாறாது. நான் வைக்கிற லினக்ஸ் பெட்டி எல்லாவற்றிலும் இதை முதல் நாளே செய்கிறேன்.

இங்கே ஃபிரீபிஎஸ்டி. பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸுக்குள் போய் போர்டில் உள்ள நெட்வேர்க்கை டிஸேபிள் செய்தேன். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் அமைப்பையும் ஒன் செய்தேன். பத்துத் தரம் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். பத்துத் தரமும் முடிவு 17 தான் ஈஎம்0. கொப்பியில் "முடிந்தது" என்று எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

8ஆம் திகதி பின்னேரம் இடியோடு மழை. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு மலைக்கு மலை இடி உருளும் காலம். பெக்டரியில் மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் இருபது நிமிடத்தில் கையை விரித்தது. இரவு எட்டு மணிக்கு டீமேக்கர் ஐயாவின் குரல்: "தம்பி, பழையபடி."

சம்பளத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. 9ஆம் திகதி விடியலில் போய்ச் சேர்ந்தேன். மொனிட்டரைக் கோத்தால், ஈஎம்0 முடிவு 92. பயோஸுக்குள் போனேன். நான் டிஸேபிள் செய்தது எனேபிளில் இருக்கிறது. தானாக எழும்பும் அமைப்பும் ஓஃப். மூலையில் கடிகாரம் ஜனவரி 1 என்று காட்டியது.

முதல் பயணத்தில் மெசேஜஸ் கோப்பை வாசித்தபோது ஒக்டோபர் வரிகளுக்கு நடுவே ஜனவரி 1 என்று சில வரிகள் கிடந்ததை நான் பார்த்தேன். முகவரியைத் தேடுகிற அவசரத்தில் கடந்துபோனேன். அங்கே நின்றிருந்தால் இந்த இரண்டாம் பயணம் தேவைப்பட்டிருக்காது. பெட்டியைத் திறந்து போர்டில் உள்ள வட்ட பெட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 1.9 வோல்ட். சிஆர்2032 புதிதென்றால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பயோஸ் அமைப்பும் நேரமும் ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கின்றன; பிளக் செருகியிருக்கும் வரை மின்சாரம் அதைத் தாங்கும். ஐந்து நிமிடம் கழற்றினாலும் தாங்கியது. மூன்று மணித்தியாலம் போனால் எல்லாம் மறந்து, பெட்டியைச் செய்த கம்பனி வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். நான் பத்துத் தரம் பிடுங்கிப் பார்த்த சோதனை இந்தக் குறையைத் தொடவே இல்லை.

வாட்சர் அண்ணன் பக்கத்தில் நின்றவர் அப்போதுதான் சொன்னார்: "பெரிய கரண்ட் கட்டுன்னா பட்டன அமுக்கிப் போட்டாலும் ஓடாது தம்பி. கீபோர்ட்ல மேல் வரிசையில ஒண்ண அமுக்கினாத்தான் ஓடும். அந்த ஐயா சொல்லிக் குடுத்தது." எஃப்1. செக்சம் பிழை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று பெட்டி காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மொனிட்டர் இல்லாததால் யாரும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு பெரிய வெட்டுக்கும் இருட்டில் வந்து அந்த ஒரு விசையைத் தடவி அமுக்கியிருக்கிறார் மனுசன். அவரை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பெட்டி எழும்பும் நேரத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆள் அவர்.

கடிகாரம் தவறினால் வேறு ஒரு ஆபத்தும் உண்டு. நெட்வேர்க் இல்லாததால், நெட்வேர்க் வழியே சரியான நேரத்தை வாங்கும் என்டிபியால் நேரத்தைத் திருத்த முடியாது. நெட்வேர்க் வந்தாலும் அதன் சேவையான என்டிபிடி 1000 வினாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் திருத்தாமல் வெளியேறிவிடும். அந்த நேரத்தில் தராசுக் கணக்கு ஏறினால் கொழுந்து தவறான திகதியில் விழும், ஒரு ஆளுக்கு ஒரு பேர் போய்விடும். ஆர்சி.கொன்ஃபில் என்டிபிடி_சிங்க்_ஒன்_ஸ்டார்ட் என்பதை யெஸ் ஆக்கினேன். தொடங்கும்போது ஒரு தரம் மட்டும் எவ்வளவு வித்தியாசமானாலும் திருத்தும். பிறகு பெரிய கிளாக்கர் ஐயாவோடு உட்கார்ந்து டேட்டாபேஸில் ஜனவரி 1 திகதியில் ஏதும் பதிவு கிடக்கிறதா என்று தேடினோம். இருபத்தாறு வரி கிடந்தது. தராசுச் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு உரிய நாளுக்கு மாற்றினோம். மத்தியானம் வரை அந்த வேலைதான். என் பார்வையில் நான்கு நாளிலும் மிக முக்கியமான வேலை அது. அந்த இருபத்தாறு வரியில் ஒரு பெண்ணின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

புதுப் பெட்டரி போட்டேன், பயோஸைத் திரும்ப அமைத்தேன். இந்தத் தடவை பெட்டரியை மட்டும் நம்பிப் போகவில்லை. வீட்டில் இருந்து இன்டெல் ஐ210 கார்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அது இன்டெல்தான், ஆனால் ஃபிரீபிஎஸ்டியில் ஐஜிபி என்ற பெயரில் வரும். ஸ்லொட்டில் இருந்த பழைய கார்டைக் கழற்றி இதைப் போட்டு, ஆர்சி.கொன்ஃபில் ஐஜிபி0 என்று மாற்றினேன். இனி பயோஸ் எல்லாவற்றையும் மறந்தாலும், செத்த போர்ட் விழித்துக்கொண்டாலும், அது ஈஎம்0 என்றுதான் வரும். ஐஜிபி0-வின் முகவரியைத் தொடாது. வேண்டுமென்றே போர்டில் உள்ளதை எனேபிள் செய்து, பெட்டரியையும் கழற்றி, பிளக்கையும் பிடுங்கி ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்தேன். எஃப்1-இல் நின்றது, அமுக்கினேன், நெட்வேர்க் எழும்பியது. பிறகு பெட்டரியைப் போட்டு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். 10ஆம் திகதி சம்பளம் போனது.

நான்காவது நாள் நவம்பரில். அந்தச் செத்த போர்ட்டின் கதை எனக்குள் நின்றது. இடி நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே இரண்டு கட்டடத்துக்கு நடுவில் தொங்கும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும், அது இரண்டு முனையிலும் உள்ள கார்டைத் தேடிப் போகும். நான் இழுத்த புதுக் கேபிளும் செம்புதான். டீமேக்கர் ஐயா தோட்டத் துரையிடம் பேசிச் செலவுக்கு ஒப்புதல் வாங்கித் தந்தார். வெளி முற்றத்தில் செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் இழுத்தோம், இரண்டு பக்கமும் ஃபைபரையும் செம்பையும் இணைக்கும் மீடியா கன்வேர்ட்டர் ஒவ்வொன்று. முனை போட்டே வந்த கேபிள், அதனால் ஒட்டும் கருவி தேவைப்படவில்லை. ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் தொங்கு ஃபைபரின் பக்கத்தில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி ஓடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அந்தக் கம்பி கடத்தும். கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி முடித்து, இழையை மட்டும் பிரித்து உள்ளே எடுத்தேன். கம்பியையும் சேர்த்துக் கன்வேர்ட்டர் வரை கொண்டுபோனால் செம்பை எடுத்ததில் பயனே இல்லை.

இப்போது ஐபர்ஃப் 940. பெட்டியின் பின்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றில் ஐஜிபி0, முகவரியின் கடைசி நான்கு இலக்கம், பெட்டரி மாற்றிய திகதி எழுதி ஒட்டியிருக்கிறேன். காகிதம் திணித்திருந்த போர்ட்டுக்கு மேல் சிவப்பு டேப். எஃப்1 விசையை வாட்சர் அண்ணனுக்கு ஒரு மொனிட்டரோடு காட்டியாயிற்று. திரையில் அந்த வரி வந்தால் அமுக்கிவிட்டு எனக்கு ஒரு அழைப்பு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் பெட்டரி மறுபடி போகிறது என்று அர்த்தம்.

மிச்சம் இருப்பது யூபிஎஸ். இருபது நிமிடம் முடியும் முன்னால் சர்வர் தானாக ஒழுங்காக ஷட்டவுன் ஆக வேண்டும். அதற்கு யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயர் வேண்டும், பெட்டியோடு வந்தது காணாமல் போயிருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.